உச்சிப்புளியில் ஒரு காயில் கடை: எலக்ட்ரான் ஆய்வுக்கான காந்தச் சுருளை நம்பிக் கொடுக்கலாமா?

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளி கடைத்தெருவை ஒட்டி இருக்கும் சிறிய மோட்டார் காயில் கட்டும் கடையைப் பற்றிய மதிப்புரை இது. ஐஸ் கம்பெனி மோட்டார், இறால் பண்ணையின் ஏரேட்டர் மோட்டார், விசைப்படகின் டைனமோ, வீட்டுக் கிணற்றுப் பம்பு ஆகியவைதான் அங்கே அன்றாடம் வந்து இறங்கும் வேலைகள். நான் அங்கே கட்டக் கொடுத்தது, எங்கள் கல்லூரியில் முதுகலை இயற்பியல் மாணவர்கள் எலக்ட்ரான் கூட்டத்தின் நடத்தையைப் பயில்வதற்கான ஒரு நீள் காந்தச் சுருள். கையில் உள்ள வேலையே தீராமல் கிடப்பதால் கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அதை மதித்து இடத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

காந்தப்புலத்தின் பலம் மட்டும் போதும் என்பவர்கள் எந்தக் கடையிலும் சுருள் கட்டிக்கொள்ளலாம். அந்தப் புலம் அச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, நம் கடற்கரைப் பக்கத்தில் நான் பார்த்தவரை இந்தக் கடையே சரியான இடம். இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாமல் கடையின் வேலைத்தரத்தை மட்டும் புகழ்ந்தால் அது வெறும் பாராட்டாகப் போய்விடும் என்பதால், முதலில் ஆய்வுப் பொருளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அணுக்கள் எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிந்து நிற்கும் வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். சாதாரணப் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களும் நேர் அயனிகளும் சரிசமமாகக் கலந்திருக்கும். டியூப் லைட்டினுள் இருப்பதும் சூரியனில் இருப்பதும் அவ்வகையே. நடுநிலையற்ற பிளாஸ்மாவிலோ ஒரே வகை மின்னூட்டம் மட்டுமே இருக்கும், அல்லது ஒரு வகை மற்றொன்றைவிட மிகுந்திருக்கும். எலக்ட்ரான்கள் மட்டும், பாசிட்ரான்கள் (எலக்ட்ரானின் நேர்மின் இணை) மட்டும், அயனிகள் மட்டும் என்று அதில் பல உண்டு. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும் என்பதால் இப்படியொரு கூட்டம் நொடியில் சிதறிவிடும் என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் ஒரு உருளையின் அச்சு நெடுகக் காந்தப்புலத்தைச் செலுத்தி, இரு முனைகளிலும் உள்ள வளைய மின்முனைகளுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்கள் முனை வழியாகத் தப்ப முடியாது. பக்கவாட்டில் சுவரை நோக்கிச் செல்ல முயன்றால் காந்தப்புலம் அவற்றை வளைத்துவிடும். முழுக் கூட்டமும் அச்சைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். இந்தச் சுழற்சியே அதன் உயிர்நாடி. மின்விலக்கு விசை வெளியே தள்ளுவதை, சுழலும் மின்னூட்டத்தின்மேல் காந்தப்புலம் செலுத்தும் உள்நோக்கிய விசை ஈடுகட்டுகிறது.

இதில் காந்தப்புலத்தின் பலத்துக்கு ஒரு வேலை உண்டு, அதை மறுக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட புலத்தில் எவ்வளவு அடர்த்தியாக எலக்ட்ரான்களை அடைக்கலாம் என்பதற்குப் பிரில்வான் எல்லை என்று பெயர். 1945-இல் லியோன் பிரில்வான் வகுத்த அந்த எல்லையின்படி, 100 காஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு) புலத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 49 கோடி எலக்ட்ரான்களுக்கு மேல் நிற்காது. புலத்தை இரட்டிப்பாக்கினால் எல்லை நான்கு மடங்காகும். ஆனால் இது எத்தனை எலக்ட்ரான்கள் நிற்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கேள்விக்கு விடை வேறோர் இடத்தில் இருக்கிறது.

1980-இல் இயற்பியலாளர் தாமஸ் ஓநீல் அந்த விடையை மிக எளிய ஒரு தேற்றமாகத் தந்தார். காந்தப்புலத்தில் இருக்கும் எலக்ட்ரான் கூட்டத்தின் மொத்தக் கோண உந்தத்தில் (சுழற்சியின் அளவில்) பெரும்பங்கு, ஒவ்வொரு எலக்ட்ரானும் அச்சிலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டினால் கிடைக்கும் தொகையைப் பொறுத்தது. வெளியிலிருந்து யாரும் அந்தக் கூட்டத்தைத் திருகவில்லை என்றால் கோண உந்தம் மாறாது; எனவே அந்தத் தொகையும் மாறாது. எலக்ட்ரான்கள் தங்களுக்குள் எவ்வளவு மோதிக்கொண்டாலும், சில வெளியே நகர்ந்தால் வேறு சில உள்ளே நகர்ந்தே ஆக வேண்டும். முழுக் கூட்டமும் ஒன்றாகச் சுவரைச் சென்றடைய வழியே இல்லை. சாதாரணப் பிளாஸ்மாவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே எலக்ட்ரானின் பங்கும் அயனியின் பங்கும் எதிரெதிர்க் குறி கொண்டவை என்பதால் இரண்டும் கைகோத்து வெளியேறிவிடலாம், கணக்கு அப்போதும் சரியாகவே இருக்கும். ஒற்றை மின்னூட்டக் கூட்டத்தை நெடுநேரம் அடைத்து வைக்க முடிவதன் காரணம் இதுதான்.

இந்தத் தேற்றத்தின் நிபந்தனையைக் கவனியுங்கள்: வெளியிலிருந்து திருகல் இருக்கக் கூடாது. திருகல் எங்கிருந்து வரும்? எஞ்சிய காற்று மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் மோதுவதிலிருந்து வரும். மின்முனைச் சுவரின் மின்தடையிலிருந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அமைப்பு அச்சைச் சுற்றிச் சமச்சீராக இல்லாததிலிருந்து வரும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜான் மால்ம்பெர்க்கும் ஃபிரெட் டிரிஸ்காலும் 1980-இல் வெளியிட்ட முடிவுகள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. கலத்தினுள் காற்றழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க எலக்ட்ரான் கூட்டத்தின் ஆயுள் கணக்குப்படி கூடிக்கொண்டே சென்றது. ஓர் எல்லைக்குக் கீழே காற்றை எவ்வளவு உறிஞ்சினாலும் ஆயுள் அதற்குமேல் உயர மறுத்துவிட்டது. அதற்குக் கீழே கசிவை நிர்ணயிப்பது காற்று இல்லை, அமைப்பின் கோணல்கள்தாம் என்ற கருத்து அதன்பின் வலுப்பட்டது. கூட்டத்தின் நீளத்தை இரட்டித்தால் ஆயுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைவதும், புலத்தை இரட்டித்தால் நான்கு மடங்காவதும் பின்னர் தெரியவந்தன. காந்தப்புல அச்சுக்கும் மின்முனை அச்சுக்கும் இடையே ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு சாய்வு இருந்தால்கூட அது கவலைக்குரியது என்று இத்துறையினர் கருதுவதன் பின்னணி இதுவே.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்மார்டெக்ஸ்-சி என்ற கருவி இருக்கிறது. அதில் எலக்ட்ரான் கூட்டத்தை ஆங்கில சி எழுத்தைப் போல வளைந்த கலத்தில் அடைக்கிறார்கள். வளைந்த கலத்தில் காந்தப்புலம் உள்விளிம்பில் பலமாகவும் வெளிவிளிம்பில் பலவீனமாகவும் இருப்பதால், நேர் உருளையில் ஓநீல் தேற்றம் தரும் பாதுகாப்பு அங்கே முழுமையாகக் கிடைக்காது. அப்படியிருந்தும் சுமார் 2 விநாடி நேரம் அடைத்து வைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது சாதாரணச் செய்தி அன்று. எலக்ட்ரானின் கணக்கில் 2 விநாடி என்பது மிக நீண்ட வாழ்நாள். அதற்குள் கூட்டம் ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழன்றுவிடும். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் அத்தகைய கலம் கிடையாது. அதற்கு வேண்டிய வெற்றிடம் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்கு. பம்பு வாங்கவே பெருந்தொகை வேண்டும். எங்களிடம் இருப்பது கண்ணாடிக் குமிழுக்குள் அடைக்கப்பட்ட ஒரு டையோடு வால்வு: நடுவில் சூடான கம்பி, அதைச் சுற்றி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளை வடிவ ஆனோடு (நேர் மின்முனை). 1921-இல் ஆல்பர்ட் ஹல் விவரித்த மேக்னட்ரான் அமைப்பு இதுதான். எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் காண நம் கல்லூரிகளில் இன்றும் செய்யப்படும் சோதனை. வால்வைச் சுருளின் நடுவில் வைத்துப் புலத்தைப் படிப்படியாக ஏற்றினால், எலக்ட்ரான்களின் பாதை வளைந்து வளைந்து, ஒரு கட்டத்தில் ஆனோடைத் தொடாமலேயே திரும்பிவிடும். அந்தக் கட்டத்தில் ஆனோடு மின்னோட்டம் சட்டென்று விழ வேண்டும். ஆனோடுக்கு 10 வோல்ட் கொடுத்தால் 3 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கணக்குப்படி 71 காஸ் புலத்தில் அது நிகழும். இது முழுமையான அடைப்புக் கலம் அன்று, முனைகளில் தடுப்பு மின்னழுத்தமும் இல்லை. ஆயினும் காந்தப்புலம் எலக்ட்ரான்களை அச்சருகே நிறுத்தி வைப்பதைக் கண்ணெதிரே காட்டுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. அதோடு, வீழ்ச்சி எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதே சுருளின் தரத்துக்குச் சான்றாகிவிடுகிறது. புலம் கோணலாக இருந்தால் சில எலக்ட்ரான்கள் முன்னதாகவே திரும்பும், சில தாமதமாகத் திரும்பும், மின்னோட்டம் சரிவாக இழுத்துக்கொண்டே போகும்.

எங்களிடம் முன்பு இருந்த சுருளில் அப்படித்தான் நடந்தது. வேறோர் ஊரில் உள்ள கருவி விற்பனையாளரிடம் வாங்கிய அது, வெளித்தோற்றத்தில் கறுப்புத் துணி நாடா சுற்றி அழகாகவே இருந்தது. சுருளில் ஒன்றரை ஆம்பியர் ஓடும்போதே ஆனோடு மின்னோட்டம் சரியத் தொடங்கி, இரண்டரையைத் தாண்டியும் முழுமையாக விழாது. நாடாவைப் பிரித்துப் பார்த்தபோது கம்பி வரிசையின்றித் தாறுமாறாகச் சுற்றப்பட்டு, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்திருக்கலாம். வரிசை இல்லை.

உச்சிப்புளிக் கடைக்காரரிடம் வரைபடத்தைக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. "சார், உங்களுக்குச் சுத்து எண்ணிக்கை முக்கியமா, வரிசை முக்கியமா?" என்றார். வரிசைதான் என்றேன். "அப்பக் கூலி கூட ஆகும், நாள் கூட ஆகும், சம்மதம்னா சொல்லுங்க" என்றார். புலம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால் எலக்ட்ரான்கள் தப்பிவிடும் என்று விளக்கியபோது, கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறும் ஒன்றுபோல வராவிட்டால் மடி கோணி மீன் போய்விடுவதைப் போல என்று அவரே சொல்லி முடித்தார். அதற்குமேல் விளக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

சுருளின் அளவுகள் இவை: நீளம் 40 சென்டிமீட்டர், பார்மாவின் (கம்பி சுற்றப்படும் உள்குழாயின்) வெளிவிட்டம் 90 மில்லிமீட்டர், 18 கேஜ் எனாமல் கம்பி, ஒரு அடுக்குக்குச் சுமார் 300 சுற்று வீதம் 4 அடுக்கு. இதில் ஏறத்தாழ 360 மீட்டர் கம்பி செல்லும். எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மின்தடை 5 ஓமுக்குச் சற்று மேல். ஆம்பியருக்கு 36 காஸுக்குச் சற்று மேல் நடுப்பகுதியில் புலம் கிடைக்கும். எனவே 3 ஆம்பியரில் சுமார் 110 காஸ். அந்த அளவில் 16 வோல்ட் போதும், சூடும் 50 வாட்டைத் தாண்டாது. கல்லூரி ஆய்வகத்தின் சாதாரண பவர் சப்ளையே தாங்கும்.

பார்மாவுக்கு நான் நினைத்திருந்தது பிவிசி பைப். அவர் வேண்டாம் என்றார். வார்னிஷ் ஊற்றிக் காய வைக்கும் சூட்டில் பைப் நெளிந்துவிடும், நெளிந்தால் வட்டம் போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். ஹைலம் எனப்படும், சூடு தாங்கும் மின்காப்புக் குழாயை வரவழைத்து, லேத்தில் கொடுத்து வெளிப்புறத்தை ஒரே விட்டமாகக் கடைந்து வாங்கினார். இந்த ஒரு முடிவுக்காகவே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் பார்மாவின் வட்டம் பிசகினால் அதன்மேல் வரும் நான்கு அடுக்கும் அந்தப் பிசகைச் சுமக்கும்.

கம்பி சுற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார். பார்மா மெதுவாகச் சுழல, இடது கையின் இரு விரல்களுக்கிடையே மெழுகு தடவிய துணித்துண்டை வைத்து அதன் வழியாகக் கம்பியை விடுகிறார்; துணியின் பிடிதான் கம்பியின் இழுவிசை. வலது கையில் மூங்கில் சீவல் ஒன்று. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு இடைவெளியின்றி ஒட்டுமாறு அந்தச் சீவலால் கம்பியைத் தள்ளிக்கொண்டே வருகிறார். இரும்பு முனை எனாமலைக் கீறிவிடும் என்பதால் மூங்கில். ஓர் அடுக்கு முடிந்ததும் மெல்லிய காகிதம் சுற்றி, அதன்மேல் அடுத்த அடுக்கு. அடுக்கு மாறும் இடத்தில் கம்பி மேலேறும்போது சிறு மேடு உண்டாகும்; எல்லா மேடுகளும் ஒரே பக்கத்தில் குவியாமல் சுற்றிவரப் பிரித்து வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன், அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அப்படியே செய்தார். அடுக்குகள் இரட்டைப்படை என்பதால் கம்பியின் இரு முனைகளும் ஒரே பக்கம் வந்துவிட்டன; இரண்டையும் முறுக்கி வெளியே எடுத்ததால் இணைப்புக் கம்பி தனியாக ஒரு குறுக்குப் புலத்தை உண்டாக்கும் தொல்லையும் இல்லை.

வார்னிஷ் ஊற்றியபின் சுருளைக் குண்டு பல்புகள் எரியும் தகரப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்துக் காய வைக்கிறார்கள். படுக்க வைத்தால் வார்னிஷ் ஒரு பக்கம் வழிந்து உறையும். நிறுத்தி வைப்பது அவர் கடைப் பழக்கம், நான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

குறை என்று நான் பதிவு செய்ய வேண்டியது, பக்கத்தட்டுகளை இறுக்கிய போல்ட்டுகள். சுருளை எடுக்கச் சென்றபோது அவை இரும்பு. மோட்டார் வேலையில் இரும்பு போல்ட் இயல்பு. ஆனால் இங்கே இரும்பு புலக்கோடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பாடுபட்டுக் கட்டிய சமச்சீர் முனைகளில் கெட்டுப்போகும். சொன்னதும் அவர் மறுபேச்சின்றிக் கழற்றிவிட்டு, படகுச் சாமான் விற்கும் கடையிலிருந்து பித்தளை போல்ட்டும் நட்டும் வாங்கி வந்து மாட்டினார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. கடற்கரையில் பித்தளைச் சாமான் எளிதில் கிடைப்பது நமக்கு ஒரு வசதி. ஆயினும் ஆய்வகத்துக்குக் கட்டக் கொடுப்பவர்கள், தட்டு, போல்ட், தாங்கு கால் எதிலும் இரும்பு கூடாது என்பதைத் தாளில் எழுதியே கொடுத்துவிடுவது நல்லது.

பணம் வாங்கும் முறை நேர்மையானது. கம்பி விலை தனி, கூலி தனி. கம்பி உருளையைச் சுற்றுவதற்கு முன்னும் பின்னும் நம் எதிரிலேயே எடை போட்டுக் காட்டுகிறார். மிச்சக் கம்பியைக் கேட்டால் கொடுத்துவிடுகிறார். கல்லூரித் தணிக்கைக்குத் தேவையான முறையான பில்லுக்கு மட்டும் அலைய வேண்டியிருந்தது. அலுவலகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் விஷயத்தில் பொறுமை வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், படகு டைனமோ வேலைகள் முழுவதும் அப்போதுதான் கடைக்கு வந்து குவிகின்றன. எங்கள் சுருள் பாதி சுற்றிய நிலையில் நின்று, சொன்ன தேதிக்குப் பின்னரே வந்தது. நடுவில் ஐஸ் கம்பெனி மோட்டார் ஒன்று எரிந்துபோய் வந்துவிட்டது. அது ஓடாவிட்டால் ஊர் மீன் கெட்டுப்போகும் என்ற நிலையில் அதை முதலில் எடுத்தது சரியே என்பது என் எண்ணம். அவசரத் தேவை உள்ளவர்கள் தடைக்காலத்தைத் தவிர்த்து வேலை கொடுக்க வேண்டும்.

இனிச் சோதனை. முதலில் காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரின் உணர் முனையைச் சுருளுக்குள், அச்சிலிருந்து ஒரே தூரத்தில் நான்கு திசையிலும் வைத்துப் பார்த்தோம். எங்கள் மீட்டர் காட்டக்கூடிய நுட்பத்துக்குள் நான்கு அளவும் ஒன்றாகவே இருந்தன. அச்சு நெடுக நகர்த்தினால் முனைகளை நோக்கிப் புலம் குறைந்து, சுருளின் வாய்ப்பகுதியில் ஏறத்தாழ பாதியாகிறது. அது எந்த நீள் சுருளுக்கும் உள்ள இயல்பு, கடையின் குறை அன்று. மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: அச்சு நெடுகப் புலம் மாறினாலும், அச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒன்றுபோல மாறும்வரை கோண உந்தத்தின் கணக்கு கெடுவதில்லை. சுற்றிவரும் திசையில் உள்ள வேறுபாடுதான் திருகலை உண்டாக்குகிறது. சுருள் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வகையை மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அளக்க வேண்டியது இரண்டாவது.

பிறகு வால்வை வைத்து 10 வோல்ட் கொடுத்துச் சுருள் மின்னோட்டத்தை ஏற்றினோம். கணக்குப்படி 2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக விழ வேண்டும். அந்த இடத்திலேயே ஆனோடு மின்னோட்டம் செங்குத்தாக விழுந்தது. பழைய சுருளின் வரைகோட்டையும் இதையும் ஒரே வரைபடத்தாளில் போட்டபோது, ஒன்று மணல்மேட்டுச் சரிவாகவும் மற்றொன்று மதில் சுவராகவும் தெரிந்ததாக ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதியிருந்தார். விழுந்தபின்னும் ஒரு சிறு வால் எஞ்சியிருந்தது. சூடான கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் வெவ்வேறு வேகத்தில் கிளம்புவதாலும், கம்பியின் நீளவாக்கில் மின்னழுத்தம் சற்று மாறுவதாலும், ஆனோடு உருளையின் வாய்ப்பகுதியாலும் அது வருகிறது. எவ்வளவு நல்ல சுருளாலும் அதைப் போக்க முடியாது. வால்வை வேண்டுமென்றே சில பாகை சாய்த்து வைத்தபோது மதில் மீண்டும் சரிவாக மாறியது. சமச்சீர் கெட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு செயலே மாணவர்களுக்கு உணர்த்திவிட்டது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். எனவே இராமநாதபுரம் கடற்கரையில் பூமியின் புலம் கிட்டத்தட்டத் தரைக்குக் கிடையாகவே வடக்கு நோக்கி இருக்கிறது. அளவு சுமார் 0.4 காஸ். சுருளைக் கிழக்கு மேற்காக வைத்தால், 100 காஸ் புலத்தின்மேல் இந்த 0.4 காஸ் குறுக்காகச் சேர்ந்து, மொத்தப் புலத்தை ஒரு மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் அளவு சாய்த்துவிடும். மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் வரம்போடு ஒப்பிட்டால் அது சிறிதன்று. வடக்கு தெற்காக வைத்தாலோ பூமியின் புலம் ஏறத்தாழ அச்சோடு சேர்ந்துவிடும், சாய்வு பெரிதும் ஒழியும். எங்கள் வால்வுச் சோதனைக்கு இவ்வளவு நுட்பம் தேவையில்லை என்றாலும், காந்த ஊசியை வைத்துப் பார்த்து மேசையை வடக்கு தெற்காகத் திருப்பிப் போட்டுவிட்டோம். தொலைவில் உள்ள பெரிய ஆய்வகங்கள் திருத்தச் சுருள்கள் வைத்துச் செய்வதில் ஒரு பகுதியை, இந்தக் கரையில் மேசையைத் திருப்பியே பெற்றுவிடலாம்.

உப்புக்காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே செம்பு எதுவானாலும் சில மாதங்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கடைக்காரர் இணைப்பு முனைகளுக்கு ஈயம் பூசிய லக்குகளைப் போட்டு, வார்னிஷை இரண்டு முறை கொடுத்திருக்கிறார். சுருளின் உடம்பில் இதுவரை களிம்பு இல்லை. முனைத் திருகுகளை மட்டும் அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடையால் முடியாதவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடைப்பு நேரத்தைக் கூட்டுவதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் வழிகளில் சுருளின் சமச்சீர் முதல் படி மட்டுமே. மின்முனைகளின் பரப்பில் அங்கங்கே மின்னழுத்தம் சிறிது மாறினாலும் அதுவும் திருகலை உண்டாக்கும் என்பதால் அவற்றுக்குத் தங்கப் பூச்சு கொடுக்கிறார்கள். அதற்கும் மேலாகச் சுழல் சுவர் என்ற முறை இருக்கிறது: உருளை மின்முனையை நீளவாக்கில் பல துண்டுகளாகப் பிரித்து, ஒன்றையடுத்து ஒன்றாக மின்னழுத்தத்தை மாற்றி, கூட்டம் சுழல்வதைவிட வேகமாகச் சுழலும் ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறார்கள். கோணல்கள் கூட்டத்தின் சுழற்சியை மட்டுப்படுத்தி விரியச் செய்கின்றன. சுழலும் புலமோ அதை முன்னோக்கித் திருகி மீண்டும் உள்ளே சுருக்குகிறது. 1997-இல் சான் டியாகோ குழுவினர் இம்முறையில் அயனிக் கூட்டத்தை வாரக்கணக்கில் நிலையாக வைத்துக் காட்டினார்கள். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு, பாசிட்ரான்களையும் எதிர்ப்புரோட்டான்களையும் இப்படிச் சுருக்கிச் சேர்த்துத்தான் 2010-இல் எதிர்ஹைட்ரஜன் (ஹைட்ரஜனின் எதிர்ப்பொருள் வடிவம்) அணுக்களைப் பிடித்து வைத்தது. மறு ஆண்டு அவற்றில் சிலவற்றை 1000 விநாடி வரை வைத்திருந்ததாக அறிவித்தது. இவையெல்லாம் உயர் வெற்றிடமும் நுண்ணிய மின்னணுவியலும் வேண்டும் வேலைகள். ஒரு காயில் கடையிடம் அவற்றை எதிர்பார்ப்பது முறையாகாது. வளைந்த சி வடிவச் சுருளுக்கும் அவர் சம்மதிக்கவில்லை. உள்வளைவில் கம்பி நெருங்கியும் வெளிவளைவில் விலகியும் நிற்கும், வரிசைக்குத் தன்னால் உறுதி கொடுக்க முடியாது என்றார். முடியாததை முடியாது என்று சொல்பவரிடம் முடியும் என்று சொன்னதை நம்பிக் கொடுக்கலாம்.

நேர் உருளைச் சுருள், எதிரெதிரே வைக்கும் ஜோடி வட்டச் சுருள், முனைகளில் புலம் குறைவதை ஈடுகட்டும் சிறு கூடுதல் சுருள் ஆகிய மூன்றுக்கும் இராமநாதபுரம், பரமக்குடி, இராமேசுவரம் பகுதிக் கல்லூரிகள் தயங்காமல் இங்கே போகலாம். போகும்போது பார்மாவின் விட்டம், நீளம், கம்பியின் கேஜ், அடுக்கு எண்ணிக்கை, அடுக்கு மாறும் இடங்கள், முனைகள் வெளிவர வேண்டிய பக்கம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய வரைபடத்தோடு செல்லுங்கள்; வாய்மொழியாகச் சொல்வதைவிட அவர் அதையே விரும்புகிறார். எங்களுடைய சுருளின் இரு முனைகளுக்கான கூடுதல் சுருள்களைத் தடைக்காலம் முடிந்ததும் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, முன்பணம் வாங்காமலேயே வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.